பால்டிமோரின் தபாலதிபர்: மேரி கத்தரின் கொடார்ட்

சாதாரண தரத்து வரலாற்றுப் பாடத்தில் அமெரிக்க சுதந்திரப் போரைப் பற்றிப் படித்திருப்போம். பொஸ்டன் தேநீர் விருந்து, ஜோர்ஜ் வோஷிங்டன், 1776 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனம். சோதனைக்கு இவ்வளவும் காணும். அந்தப் பிரகடனத்தின் ஒரு பதிப்பில், கையெழுத்திட்ட ஆண்களின் பெயர்கள் வரிசையாக முடிந்த பிறகு, தாளின் ஆக அடியில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது எண்டு எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மேரி கத்தரின் கொடார்ட். அந்தத் தாளை அச்சிட்டவர் அவர்.

அச்சகம் அவருடைய ஒரு தொழில். மற்றது தபால். 1775 முதல் 1789 வரை பதினான்கு வருடங்கள் பால்டிமோர் நகரத்தின் தபாலதிபராக இருந்தவர். பதினைந்தாவது வருடத்தைத் தொட விடவில்லை. ஒரு நாள் ஒரு ஆள் கையில் சின்னக் குறிப்போடு வந்து நின்றார். இவரிடம் கந்தோரை ஒப்படை என்று அதில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு சொல்லப்பட்ட காரணம்: இனி இந்தப் பதவியில் இருப்பவர் கூடப் பயணம் செய்யவேண்டி வரும், அவ்வளவு பயணம் ஒரு பெண்ணால் ஏலாது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் காரணம்தான். அது எவ்வளவு பழக்கப்பட்ட காரணம் எண்டு வாசிக்கிற பெண் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கத்தரின் 1738 இல் கனெக்டிகட்டில் பிறந்தவர். தகப்பன் கைல்ஸ் கொடார்ட் வைத்தியர். நியூ லண்டன் என்ற ஊரின் தபாலதிபராகவும் இருந்தவர். ஆகவே தபால் பைகள் அவருக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த சாமான். தாய் சாரா, அந்தக் காலத்துப் பெண்களோடு பார்க்கும்போது நன்றாகப் படித்தவர். தகப்பன் இறந்த பிறகு குடும்பக் காசை வைத்து மகன் வில்லியத்துக்கு றோட் ஐலண்டின் புரொவிடன்ஸ் நகரத்தில் ஒரு அச்சகம் போட்டுக் கொடுத்தவர் இந்தத் தாய்தான். 1762 இல் அங்கிருந்து ஒரு பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. வில்லியம் கெட்டிக்காரன், ஆனால் ஓரிடத்தில் இருக்கமாட்டான். எதையாவது தொடங்குவான், யாரோடாவது சண்டை பிடிப்பான், அடுத்த ஊருக்குப் போவான். அவன் விட்டுப்போனதைத் தாயும் தமக்கையும் நடத்துவார்கள். புரொவிடன்ஸில் அப்படி, பிலடெல்பியாவில் அப்படி. 1770 இல் தாய் இறந்த பிறகு தமக்கை தனியே. 1773 இல் வில்லியம் பால்டிமோருக்குப் போய் 'மேரிலண்ட் ஜேர்னல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினான். 1774 இல் கத்தரினும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1775 மே மாதத்தில் இருந்து பத்திரிகையில் 'எம். கே. கொடார்ட்' என்ற பெயர் வரத் தொடங்குகிறது. இரண்டு எழுத்தும் குடும்பப் பெயரும். வாசிப்பவர் ஆண் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

இந்த முறை வில்லியம் ஊரைவிட்டு ஊர் அலைந்ததற்கு ஒரு பெரிய காரணம் இருந்தது. குடியேற்றங்களின் தபால் பிரித்தானிய முடியின் கையில் இருந்தது. முடிக்கு எதிரான பத்திரிகைகளையும் கடிதங்களையும் அதே முடியின் தபாலில் அனுப்புவது எப்படி? பை எங்கே திறக்கப்படும், எது காணாமற்போகும் எண்டு ஒருவருக்கும் தெரியாது. அதனால் வில்லியம் ஒரு மாற்றுத் தபால் சேவையை ஊர் ஊராகக் கட்டினான். 1775 ஜூலை 26 அன்று கொங்கிரஸ் தபாலைத் தன் பொறுப்பில் எடுத்தது. வடக்கே ஃபல்மத்தில் இருந்து தெற்கே சவான்னா வரைக்கும் ஒரே தபால் பாதை. அதற்குத் தலைவராக, தபால் மா அதிபராக, வருடம் 1000 டொலர் சம்பளத்தில் பெஞ்சமின் பிராங்ளின் நியமிக்கப்பட்டார். அந்தக் கதிரையை வில்லியம் எதிர்பார்த்திருந்தான். கிடைத்தது தபால் வீதிகளின் மேற்பார்வையாளர் வேலை. அதே வருடம் பால்டிமோர் தபாற்கந்தோர் தமக்கையின் பொறுப்பில் வந்தது.

தபாலதிபர் என்றால் நாங்கள் நினைக்கிற மாதிரி கவுண்டருக்குப் பின்னால் இருந்து முத்திரை விற்கிற வேலை இல்லை. முத்திரை என்ற பொருளே அப்போது கிடையாது. உலகத்தின் முதல் தபால் முத்திரை 1840 இல் பிரித்தானியாவில்தான் வந்தது. கடிதத்துக்கு உறையும் இல்லை. எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து ஒட்டுவார்கள். எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்துக் கட்டணம். அதைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் கட்டவேண்டும். குதிரையில் வருகிற தபால்காரர் பையை இறக்கினால், அதைத் திறந்து தன் ஊருக்கானதைப் பிரித்து, மற்றதை அடுத்த ஊருக்குக் கட்டி, ஒவ்வொரு கடிதத்துக்கும் வரவேண்டிய காசைக் கணக்கில் எழுதவேண்டும். பிறகு ஆட்கள் வந்து கடிதம் கேட்பார்கள். வராதவர்களின் பெயர்ப் பட்டியல் பத்திரிகையில் போகும். காசு கட்டமாட்டேன் என்று கடிதத்தை வாங்காமல் போகிறவர்களும் இருந்தார்கள். எல்லாம் முடிய, காலாண்டுக் கணக்கு மேலே போகவேண்டும்.

இதற்குச் சம்பளம் என்று ஒன்றும் இல்லை, தரகுதான். 1775 இல் கொங்கிரஸ் போட்ட ஒழுங்கின்படி, வருடத்துக்கு 1000 டொலர் வரைக்கும் சேர்த்துக் கொடுக்கிற தபாலதிபருக்கு அதில் 20 வீதம். 1000 ஐத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 10 வீதம். அப்போதைய பால்டிமோர் வளர்ந்துகொண்டிருந்த ஒரு துறைமுகம், பிலடெல்பியாவோடு ஒப்பிடும்போது சின்ன ஊர். ஆகவே தரகும் சின்னத் தரகு. இந்த வேலையைத் தனியே செய்து ஒருவர் சீவிக்க முடியாது. அதனால்தான் அந்தக் காலத்துத் தபாலதிபர்கள் பலர் அச்சகக்காரர்களாக இருந்தார்கள். கடிதத்தோடு செய்தி வரும், செய்தி பத்திரிகையாகும், பத்திரிகை திரும்பத் தபாலில் போகும். பிராங்ளினும் பிலடெல்பியாவில் இதே வழியில்தான் வளர்ந்தார். 1737 இல் அந்த நகரத்தின் தபாலதிபர் ஆனவர் அவர்.

போர் தொடங்கிய பிறகு இந்தச் சின்னத் தரகும் ஓட்டையாகிப் போனது. கொங்கிரஸ் காகிதக் காசை அடித்துத் தள்ளியது. அதன் பெறுமதி மாதத்துக்கு மாதம் விழுந்து, 1781 அளவில் கிட்டத்தட்ட வெறும் கடதாசி ஆனது. குதிரையில் போகிற தபால்காரருக்கு வழியில் தீனி வாங்கவேண்டும், படுக்க இடம் வேண்டும், ஆற்றைக் கடக்க ஓடக்காரனுக்குக் கொடுக்கவேண்டும். காகிதக் காசை யார் வாங்குவார்? வெள்ளி நாணயம் தந்தால் போகிறோம், இல்லாவிட்டால் இல்லை என்று நின்றார்கள். அப்படி நின்ற சில வருடங்களுக்குத் தன்னுடைய கையில் இருந்த நாணயத்தைக் கொடுத்துத் தபாலை ஓடவைத்ததாகக் கத்தரின் பின்னாளில் மனுவில் எழுதினார். தெற்குக்கும் வடக்குக்கும் இடையில் ஓடிய பிரதான பாதையில் பால்டிமோர் ஒரு முக்கியமான கண்ணி. அந்த இடத்தில் பை நின்றால் போர்ச் செய்தியும் நிற்கும். புரட்சியைப் பற்றிப் பேசும்போது பீரங்கியும் குதிரைப்படையும்தான் எங்களுக்கு ஞாபகம் வருகிறது. மாதாமாதம் ஒரு தபால்காரனுக்கு நாணயம் எண்ணிக் கொடுத்த கையும் அந்தப் போருக்குள் இருந்த கைதான்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். 1776 ஜூலையில் பிலடெல்பியாவில் அச்சான முதல் பதிப்பில் இரண்டே இரண்டு பெயர்கள்தான்: கொங்கிரஸின் தலைவர் ஜோன் ஹான்கொக்கும் செயலாளர் சார்ள்ஸ் தொம்சனும். மற்றவர்கள் கையெழுத்து வைத்தது பிறகு. யார் யார் வைத்தார்கள் என்பது பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. பிரித்தானியாவின் கண்ணில் அது இராசத்துரோகம். பெயர் வெளியே வந்தால் தூக்குக் கயிறு. அந்த வருடக் கடைசியில் பிரித்தானியப் படை நெருங்க, கொங்கிரஸ் பிலடெல்பியாவை விட்டு ஓடிப் பால்டிமோருக்கு வந்தது. டிசம்பர் 20 இல் இருந்து அடுத்த வருடம் பெப்ரவரி கடைசி வரைக்கும் அங்கேதான் கூடியது. அதற்கிடையில் ட்ரென்டனிலும் பிரின்ஸ்டனிலும் வோஷிங்டனின் படை வென்றது. கொஞ்சம் தைரியம் வந்தது. 1777 ஜனவரி 18 அன்று, பெயர்களோடு பிரகடனத்தை அச்சிட்டு எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பவேண்டும் என்று கொங்கிரஸ் தீர்மானித்தது. அந்த வேலை கொடார்ட் அச்சகத்துக்கு வந்தது.

பத்திரிகையில் எப்போதும் 'எம். கே.' என்று போட்டவர் இந்தத் தாளில் முழுப் பெயரைப் போட்டார். தூக்குக் கயிற்றுக்குப் பயந்து ஆறு மாதம் பொத்திவைக்கப்பட்ட பெயர்கள் மேலே. தன்னுடைய பெயர், பெண் பெயர் என்று எவருக்கும் விளங்கும் விதமாகக் கீழே. ஏன் அப்படிச் செய்தார் எண்டு அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அதில் விளக்கம் தேவைப்படவும் இல்லை.

போர் முடிந்தது. 1784 இல் வில்லியம் திரும்பி வந்து பத்திரிகையைத் தன் கையில் எடுத்தான். பத்து வருடம் போர்க்காலத்தில் நிற்காமல் கொண்டுவந்த பத்திரிகையில் இருந்து தமக்கையின் பெயர் போனது. சண்டை நீதிமன்றம் வரைக்கும் போனது. அடுத்த வருடத்துக்கான பஞ்சாங்கத்தை இருவரும் போட்டிக்குத் தனித்தனியாக அச்சிட்டார்கள் என்றால் உறவின் நிலைமையை விளங்கிக்கொள்ளலாம். குடும்பச் சண்டையை இதற்கு மேல் கிளற நான் விரும்பவில்லை. முக்கியமானது என்னவென்றால், இப்போது அவரிடம் மிஞ்சியது தபாற்கந்தோரும் ஒரு புத்தகக் கடையும்தான்.

அந்தத் தபாற்கந்தோரோ இப்போது பழைய கந்தோர் இல்லை. பால்டிமோர் மாவு ஏற்றுமதியில் கொழித்தது. 1790 குடிசன மதிப்பில் நகரத்தின் சனத்தொகை 13,503. வணிகர் கூடினால் கடிதம் கூடும், கடிதம் கூடினால் தரகு கூடும். முழு நாட்டிலும் அப்போது இருந்தவை 75 தபாற்கந்தோர்கள்தான். அதில் ஒரு பெரிய துறைமுகத்தின் கந்தோர் என்றால் பலருக்கு வாயூறும். 1789 இல் புதிய அரசியலமைப்பின் கீழ் வோஷிங்டன் ஜனாதிபதியானார்; செப்டெம்பரில் சாமுவேல் ஒஸ்குட் தபால் மா அதிபர் ஆனார். அதற்குப் பிறகு அதிக நாள் எடுக்கவில்லை. பால்டிமோருக்கு வந்த ஒஸ்குட்டின் உதவியாளர் எழுதிக் கொடுத்த குறிப்போடுதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஆள் வந்து நின்றார். அனாபொலிஸைச் சேர்ந்த ஜோன் வைட். கத்தரினுக்கு வயது 51.

ஊர் சும்மா இருக்கவில்லை. நகரத்தின் வணிகர்களும் பிரமுகர்களும் 200 பேருக்கு மேல், மேரிலண்டின் ஆளுநரும் சேர்த்து, அவரைத் திரும்ப நியமிக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்தார்கள். இவர்கள் பெண்ணுரிமை பேசினவர்கள் இல்லை. கடிதம் நேரத்துக்கு வரவேண்டும், கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று நினைக்கிற யாவாரிகள். ஒரு தபாலதிபருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன இருக்கிறது?

டிசம்பர் 23 அன்று கத்தரின் ஜனாதிபதிக்கு எழுதினார். தன்னைப் பற்றித் தானே படர்க்கையில், 'அவர்' என்று எழுதிய மனு அது. அழுது கேட்கிற கடிதம் என்று நினைத்து வாசித்தால் ஏமாந்து போவீர்கள். கணக்குப் பிள்ளை கணக்குக் காட்டுகிற மாதிரி எழுதியிருக்கிறார். கந்தோர் ஒன்றுக்கும் உதவாமல் இருந்த காலத்தில் பொறுப்பெடுத்தது. சொந்தக் காசைப் போட்டு நடத்தியது. இப்போது அது ஏதோ பெறுமதிக்கு வந்திருக்கும் நேரத்தில் பறிக்கப்படுவது. ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை, முன்னறிவித்தலும் இல்லை. பயணம் என்ற காரணத்துக்கும் பதில் வைத்திருந்தார்: கந்தோருக்குள் இருந்து தபாலைப் பார்ப்பதும், தெற்கே வீதி வீதியாகப் போய் மற்றக் கந்தோர்களை ஒழுங்குபடுத்துவதும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு வேலைகள், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியாது.

இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. 'பெண்ணாலும் குதிரையில் போக ஏலும்' என்று அவர் வாதாடவில்லை. அந்தக் கேள்விக்குள்ளேயே போகவில்லை. நீங்கள் சொல்கிற வேலை என்னுடைய வேலையே இல்லை என்கிறார். ஒரு பதவியில் இருந்து ஆளை எடுக்க வேண்டுமென்றால், ஆளில் பிழை கண்டுபிடிக்க முடியாதபோது, பதவியின் வரைவிலக்கணத்தை மாற்றுவது ஒரு வழி. புதிதாகச் சேர்க்கிற தகுதியை அந்த ஆள் எப்படியும் எட்ட முடியாததாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். அதைத்தான் அவர் பிடித்துக் காட்டினார்.

இன்னொரு விசயம். பிராங்ளின் 1753 முதல் 1774 வரை குடியேற்றங்களின் தபாலுக்குப் பொறுப்பாக இருந்த இரண்டு பிரதி மா அதிபர்களில் ஒருவர். அந்த 21 வருடங்களில் 1757 இல் இருந்து 1762 வரைக்கும், திரும்ப 1764 இல் இருந்து பதவி போகும் வரைக்கும் அவர் இருந்த இடம் லண்டன். அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம். கடைசியில் அவரைப் பதவியில் இருந்து நீக்கியது அரசியல் காரணத்துக்காக. தபால் வீதிகளில் பயணம் செய்யவில்லை என்பதற்காக இல்லை. கூட்டாளியும் கீழே ஆட்களும் இருந்தார்கள், வேலை நடந்தது. ஆண் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு தபாலை நடத்தலாம். பெண் பால்டிமோரில் கந்தோருக்குள் இருந்துகொண்டு பால்டிமோர்த் தபாலை நடத்தக்கூடாது.

வோஷிங்டன் 1790 ஜனவரி 6 அன்று பதில் எழுதினார். மரியாதையான, சின்னக் கடிதம். தபாலதிபர்களை நியமிப்பது தபால் மா அதிபரின் அதிகாரம், அதில் தான் தலையிடுவதில்லை என்பது சாராம்சம். சட்டப்படி அது சரிதான். புதிதாகப் பிறந்த ஒரு அரசின் முதல் ஜனாதிபதி ஒவ்வொரு நியமனத்திலும் கை வைத்தால் அது நல்ல பழக்கமும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒஸ்குட்டை நியமித்தவர் அவர்தானே? பிறகு கத்தரின் செனட் சபைக்கும் மனுக் கொடுத்தார். அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. ஒஸ்குட் மனம் மாறவில்லை.

இது உண்மையில் பெண் என்ற காரணம்தானா, இல்லை வேண்டியவருக்கு இடம் கொடுக்கிற அரசியலா என்று வரலாற்றாசிரியர்களிடையே கேள்வி உண்டு. இரண்டும் சேர்ந்தது என்பது என் எண்ணம். 1792 இல் வட கரோலினாவின் ஹேர்ட்ஃபோர்ட் என்ற ஊருக்கு சாரா டிக்ரோ என்ற பெண் தபாலதிபராக நியமிக்கப்பட்டார். மூன்றே வருடத்துக்குப் பிறகு, அதே அரசாங்கம். அப்படியென்றால் பெண்ணை நியமிக்கக் கூடாது என்று விதி ஒன்றும் இருக்கவில்லை. வருமானம் கொஞ்சமான சின்ன ஊரில் பெண் இருக்கலாம். காசு வருகிற துறைமுக நகரத்தில் இருந்தால்தான் பயணம் கஷ்டமாகிவிடுகிறது.

கத்தரின் பிறகு தபால் பக்கம் போகவில்லை. பால்டிமோரிலேயே இருந்து புத்தகமும் எழுதுபொருட்களும் விற்றார். கலியாணம் கட்டவில்லை. இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது: அன்றைய ஆங்கிலச் சட்ட வழக்கத்தில் கலியாணம் கட்டிய பெண்ணின் சொத்தும் ஒப்பந்தமும் கணவனுக்குள் அடங்கிவிடும். அச்சகம் நடத்தவும், கடன் கொடுக்கவும் வாங்கவும், தம்பிக்கு எதிராக வழக்குப் போடவும் அவரால் முடிந்தது தனியாக இருந்ததால்தான்.

அவரைப் 'புரட்சியின் மறக்கப்பட்ட வீராங்கனை' என்று எழுதுகிற கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. நான் இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். மேரிலண்ட் அடிமை முறை இருந்த மாநிலம். அன்றைய மற்றப் பத்திரிகைகள் போலவே 'மேரிலண்ட் ஜேர்னல்' இலும் தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரங்கள் வந்தன. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்ற பிரகடனத்தை அடித்த அச்சகத்தில் இருந்துதான் அவையும் வந்தன. கத்தரினிடமும் ஒரு அடிமைப் பெண் இருந்தார். பெயர் பெலிண்டா ஸ்டார்லிங். தன்னுடைய பதினான்கு வருட உழைப்பைப் பறித்தது அநியாயம் என்று ஜனாதிபதிக்கு எழுதத் தெரிந்தவருக்கு, வீட்டுக்குள் இன்னொரு பெண்ணின் முழு உழைப்பும் தன்னுடைய சொத்தாக இருப்பது நெடுங்காலம் உறுத்தவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு மனமில்லை; இதைச் சொல்லிவிட்டு அவருக்கு நடந்த அநியாயத்தை இல்லையென்று ஆக்கவும் மனமில்லை.

1816 ஓகஸ்ட் 12 அன்று, 78 வயதில், கத்தரின் பால்டிமோரில் இறந்தார். உயிலில் பெலிண்டாவை விடுதலை செய்து, தன்னிடம் இருந்த சொத்தையும் அவருக்கே எழுதியிருந்தார். தம்பி வில்லியம் அப்போது றோட் ஐலண்டில் உயிரோடு இருந்தார்.